சும்மா ஆட்டிய தலை

கண்ணு என்று தொடங்கத்தான் கை போனது. எழுதியதை அடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் உனக்கு அந்தச் சொல் கிடையாது. மகன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்கிறேன்; பெற்றுவிட்டேன், அதை இனி மாற்ற முடியாது. இன்னும் கொஞ்ச நாளில் உனக்குக் கல்யாணம். கல்யாணப் பிள்ளைக்குத் தாய் எழுதும் கடிதம் என்றால் எல்லோரும் எதிர்பார்க்கிற எதுவும் இதில் இருக்காது. பெண்டாட்டியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மாமனார் வீட்டில் எவ்வளவு பேச வேண்டும் என்பதையெல்லாம் உன் பெரியம்மாக்கள் சொல்லித் தருவார்கள். நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். சும்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் கோபம் இல்லை. போனில் உன் பெயர் வந்தால் எடுக்காமல் வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். ஊரெல்லாம் படிக்கிற மாதிரி எதற்கு எழுத வேண்டும் என்று உன் அப்பா கேட்கிறார். “உடு புள்ள, அவன் தொழிலு அது” என்கிறார். மில்லில் நூல் ஓட்டிய மனுஷனுக்கு எல்லாத் தொழிலும் தன் தொழில் மாதிரி யோக்கியமானது என்று நினைப்பு. நீ என் தலையை ஊருக்கெல்லாம் காட்டினாய். அந்த ஊருக்கே நான் பதில் சொல்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு விஷயம் இதுதான். என் மகன் வால்பாறை தேயிலைத் தோட்டங்களைப் பற்றி ஒரு டாகுமெண்டரி எடுத்திருக்கிறான். நான் அங்கே ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அந்தப் படத்தில் பழைய மேனேஜர் ஒருவர் வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்கிறார். அவர் சொல்லி முடிக்கும்போது நான் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டுகிறேன். நான் அதற்குத் தலையாட்டவில்லை. அந்தத் தலையாட்டலை எடு என்கிறேன். என் மகன் முடியாது என்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் அதே படத்தை மறுபடியும் போடப் போகிறானாம், மாணவர்கள் கேள்வி கேட்பார்களாம், இவன் பதில் சொல்வானாம்.

நீ செய்த வேலைகளை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறவள் நான். இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரேடியோவில் சேர்ந்தபோது வீட்டில் மூன்று நாள் யாரும் உன்னோடு பேசவில்லை. நான்தான் முதலில் பேசினேன். காலையில் நீ சந்தை விலை சொல்லுவாய். தக்காளி என்ன விலை, தேங்காய் என்ன விலை, மஞ்சள் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று நீ சொல்லும்போது நான் அடுப்படியில் ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி செய்வேன். ஒருநாள் நீ முந்தின நாள் விலையையே படித்துவிட்டாய். உடுமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் நிலையத்துக்கே போன் செய்து, “ஏனுங்க தம்பி, நீங்க சொன்னத நம்பி வண்டி நெறையத் தக்காளிய ஏத்திட்டு வந்துபோட்டனுங்க. இங்க கேக்க நாதியில்லீங்க. இத நான் மாட்டுக்குத்தான் கொட்டோணுமுங்களா?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து நீ சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் விலை சொல்வதற்கு முன்னால், நேற்று நான் சொன்னது தப்பு, என்னால் ஒருவர் நஷ்டப்பட்டார், மன்னிக்க வேண்டும் என்று ரேடியோவிலேயே சொன்னாய். உன் அதிகாரி திட்டினார் என்றும் கேள்விப்பட்டேன். நீ செய்த வேலைகளிலேயே நான் மதித்தது அந்த ஒன்றைத்தான். அதில் நீ பொய் சொன்னால் மதியத்துக்குள் சந்தை உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அது உனக்குச் சலித்துவிட்டது. சென்னைக்குப் போய் டிவியில் சேர்ந்தாய். முதலில் சமையல், பிறகு கோயில் குளம், பிறகு மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைக் கசக்கும் அந்த நிகழ்ச்சி. நீதான் தயாரிப்பாளர் என்று கடைசியில் பெயர் ஓடும். ஒருதடவை என்னைக் கூட்டிக்கொண்டு போய் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்தாய். மாமியாரும் வரவில்லை, மருமகளும் வரவில்லை, அதற்குள் ஒருவன் எங்கள் முன்னால் நின்று, கை தட்டுங்க, சிரிங்க, இப்ப ஆச்சரியப்படுங்க, இப்ப சோகமா பாருங்க என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லி எடுத்துக்கொண்டான். எதற்கு என்று கேட்டேன். “பின்னாடி வேணுங்கற எடத்துல போட்டுக்குவோமுங்கம்மா” என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். பச்சைச் சேலை கட்டிய அம்மா நல்லா சோகப்படறாங்க என்று அந்த ஆள் பாராட்டியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அது ஒளிபரப்பான அன்று, நான் ஊருக்குத் திரும்பிய பிறகு வந்து பேசிய எவளோ ஒரு பெண்ணின் கஷ்டத்துக்கு நான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். அவளை நான் பார்த்ததே இல்லை. நம் சிங்காநல்லூர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கே உன் காதைப் பிடித்துத் திருகியிருக்க வேண்டும். நாடகம்தானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்த வேலையையும் விட்டுவிட்டு வந்து, இனிமேல் நிஜம் மட்டும்தான் எடுக்கப்போகிறேன் என்றாய். பொய் எடுத்து எடுத்து அலுத்துவிட்டது என்றாய். தாடி வளர்த்தாய். நான் நம்பினேன். நம்பியதால்தான் நீ கேமராவோடு வீட்டுக்கு வந்தபோது நாள் முழுக்க உனக்குக் கீழ்ப்படிந்தேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினாய். சோபாவை வாசலுக்குத் தள்ளினாய். சத்தம் வருகிறது என்று ஃபேனை நிறுத்தினாய், ஃபிரிட்ஜையும் நிறுத்தினாய், அதிலிருந்த தயிர் புளித்தே போனது. வியர்வையைத் துடைத்தால் பவுடர் போய்விடும் என்று துடைக்கவும் விடவில்லை. அட்டைப்பூச்சி கடித்தால் என்ன செய்வீர்கள், மழையில் பிரசவம் பார்த்த அனுபவம் எப்படி, தடுப்பூசி போடத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு நடந்தே போவீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். எல்லாவற்றுக்கும் வாயால் பதில் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு, “அம்மா, கடைசியா ஒண்ணே ஒண்ணு. யாரோ பேசறதக் கேக்கற மாதிரி சும்மா தலைய ஆட்டுங்க” என்றாய்.

“யாரு பேசறதடா?”

“யாரும் இல்லீங்கம்மா. வெட்டி ஒட்டறதுக்கு வேணும். அந்தக் காலண்டரப் பாத்து ஆட்டுங்க, போதும்.”

காலண்டரைப் பார்த்து ஆட்டினேன். எப்போது ஃபேனைப் போடுவான் என்று நினைத்துக்கொண்டே ஆட்டினேன். இன்னும் கொஞ்சம் மெதுவாக என்றாய், மெதுவாகவும் ஆட்டினேன்.

படம் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வந்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னவள் நான். வால்பாறைக்கும் போட்டேன். “டிவியப் போடு மாராத்தா, என் பையன் எடுத்த படம் வருது, உங்க தோட்டத்தைக் காட்டறான்” என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். பனி வந்தது, தேயிலை வந்தது, புல்லாங்குழல் வந்தது. நான் பிரசவம் பார்த்த கதையைச் சொன்னேன், உன் அப்பா கைதட்டினார். அப்புறம் அந்த மேனேஜர் வந்தார். ஜனங்கள் துரை என்று கூப்பிட்ட அதே ஆள். இப்போது கோயம்புத்தூரில் புல்தரையில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். “ஆஸ்பத்திரிக்குன்னு கேட்டு ஜீப் இல்லைன்னு நாங்க ஒரு நாளும் சொன்னதில்லைங்க. இந்த ஜனங்கதான் பச்சிலை அது இதுன்னு வீட்லயே வெச்சிருந்துட்டு, கடைசி நேரத்துல தூக்கிட்டு வருவாங்க. அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?” என்றார். உடனே என் முகம். மெதுவாக, வருத்தத்தோடு, ஆமாம் என்று தலையாட்டுகிறேன். நம் வீட்டில் யாரும் ஒன்றும் கவனிக்கவில்லை. நான் மட்டும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

மாராத்தாள் யார் என்று உனக்குத் தெரியும், வருஷம் தவறாமல் நமக்குத் தேயிலைத் தூள் கொடுத்து அனுப்புகிறவள். அவளுக்குச் செல்வி என்று ஒரு பெண் இருந்தது நான் போனில் சொல்லும் வரை உனக்குத் தெரியாது. நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். அந்தக் குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் ஏறி, விடிந்ததும் விடியாததுமாக மாராத்தாள் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். டாக்டர் லீவு. கழுத்து விறைத்திருந்தது. பொள்ளாச்சிக்குக் கொண்டு போனால்தான் பிழைக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஜீப் கேட்டு பங்களாவுக்கு நானே ஓடினேன். துரை வீட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள், அணையைப் பார்க்க ஜீப்பில் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் கெஞ்சினேன். அவர்கள் திரும்பி வந்ததும் அனுப்புகிறேன், அதுவரை மருந்து கொடு என்று அந்த ஆள் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். என் கண் முன்னால்தான் அந்த ஜீப் கிளம்பிப் போனது. நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப நான் குழந்தையின் நாடியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஆழியாறு வருவதற்குள் என் விரலுக்கடியில் அது நின்றுவிட்டது. மாராத்தாளிடம் நான்தான் சொன்னேன். நீ சரியான நேரத்துக்குத்தான் கொண்டு வந்தாய், ஜீப் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்றும் நான்தான் சொன்னேன். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடந்தாள், மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள்.

இந்தக் கதையை அம்மா என்னிடம் சொன்னதே இல்லையே என்று உன் அப்பாவிடம் கேட்டாயாம். சொல்லவில்லைதான். சோறு ஊட்டும்போது சொல்கிற கதையா அது? நீ கேட்டிருக்க வேண்டும். கேட்பதுதானே உன் தொழில்? அட்டைப்பூச்சியைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டவனுக்கு, அந்த ஆஸ்பத்திரியில் பிழைக்காமல் போனவர்கள் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. ஜீப்பைப் பற்றி அந்த ஆளிடம் கேட்டுவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வந்தாய். அந்த ஜீப்புக்காக ஓடியவளிடம் கேட்கவில்லை. பெற்ற தாய் பக்கத்து அறையில் தயிர் கெட்டுப்போச்சே என்று புலம்பிக்கொண்டிருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இது நிஜமா அம்மா என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நிஜம் எடுக்கிறானாம் நிஜம்.

படம் வந்த நாளிலிருந்து மாராத்தாள் என் போனை எடுக்கவில்லை. அவளுக்குக் கோபம், காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்து, உன் கல்யாணப் பத்திரிகையைத் தாம்பூலத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினேன். லயன் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “வாங்க சிஸ்டர், வாங்க. இந்த மலையேறி நீங்க எதுக்குங்க வந்தீங்க? சொல்லியிருந்தா நானே கீழ வந்திருப்பனுங்களே” என்றாள். துப்பியிருந்தால் தேவலை.

“போன எடுக்கவே மாட்டேங்கறயே, மாராத்தா.”

“எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க எடுக்கறது?”

எனக்குப் புரியவில்லை. டீ போட்டு வந்து வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டு அவளே சொன்னாள். “டிவில பாத்தனுங்க. துரை சொன்னாருங்க, நீங்க தலையாட்டுனீங்க. அப்பத்தானுங்க எனக்கே தெரிஞ்சுது. புள்ளைய நாந்தானுங்க லேட்டாக் கொண்டாந்துபோட்டேன். ராத்திரி மேலு சுட்டப்பவே தூக்கிட்டு ஓடி வந்திருக்கோணும். விடியட்டும்னு நெத்தியில பச்சிலைப் பத்துப் போட்டுட்டு ஊட்டுலயே வெச்சிருந்தனுங்க.”

“பைத்தியமா உனக்கு? ராத்திரி அந்தக் காட்டுல யானைக்கு நடுவுல எப்படி வருவே? நீ விடியறப்பவே கொண்டாந்துட்டே. நாந்தானே பாத்தேன்? ஜீப்புக்கு ஓடுனது நாந்தானே? அவன் குடுக்கலை, மாராத்தா.”

“அப்படித்தானுங்க நானும் இத்தன வருசமா நெனச்சுட்டு இருந்தேன். நீங்க சொல்லித்தான் நெனச்சேன்.” அவள் என் முழங்காலைத் தடவிக்கொடுத்தாள். என்னை அவள் சமாதானப்படுத்துகிறாள். “பெத்தவ மனசு தாங்காதுன்னு அப்பச் சொல்லியிருப்பீங்க. நீங்க நல்லவங்க, சிஸ்டர். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க.”

சத்தியம் செய்தேன். அழுதேன். படத்தில் நான் தலையாட்டியது காலண்டரைப் பார்த்து என்றேன். யாரும் பேசாதபோது எதற்குத் தலையாட்டுவீர்கள் என்று கேட்டாள். நல்ல கேள்வி. உன் தொழிலில் இல்லாத யாரும் அதைத்தான் கேட்பார்கள். நான் சொல்லச் சொல்ல அவள் சரிங்க, சரிங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்யாணத்துக்கு வருகிறேன் என்றும் சொன்னாள். தன் பிள்ளையைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி என் மகன் கல்யாணத்தில் அட்சதை போட வருவாளாம். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

வால்பாறை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு உனக்குப் போன் செய்தேன். அந்த இடத்தில் என் தலையை எதற்கடா போட்டாய் என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ எவ்வளவு பொறுமையாகப் பதில் சொன்னாய்! “அவரு அந்த எடத்துல இருமிப்போட்டாருங்கம்மா. இருமல வெட்டுனா படம் குதிக்கும். மேல மூடறதுக்கு ஒரு ஷாட் வேணும், உங்க ஷாட்டுலதான் வெளிச்சம் நல்லா இருந்துச்சு. நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு யாருங்கம்மா பாப்பாங்க? அதையெல்லாம் யாரும் கவனிக்க மாட்டாங்க.” ஒருத்தி கவனித்தாள் என்று சொல்லி, செல்வி கதையை அந்தப் பஸ் ஸ்டாண்டிலேயே முழுக்கச் சொன்னேன். “அய்யோ” என்றாய். சரி, பிள்ளைக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மூச்சிலேயே, “படம் லாக் பண்ணியாச்சுங்கம்மா, இனி மாத்த முடியாது. வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பியாச்சு. கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்” என்றாய். அதோடு போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

இருமலாம். அந்தக் குழந்தையின் சாவை மறைக்க எந்தப் பெரிய மனுஷன் சொல்லி என் தலையை அங்கே ஒட்டினாய் என்று நான் மலையேறும் வரை யோசித்துக்கொண்டு வந்தேனே, கடைசியில் ஒரு கிழவனின் இருமலுக்குத்தான். அவன் ஜீப்பைப் பற்றிப் பொய் சொன்னான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னான், அந்த ஆளிடம் நான் வேறு எதிர்பார்க்கவும் இல்லை. நீ எதைக் காப்பாற்ற இதைச் செய்தாய்? படம் குதிக்கக்கூடாது என்பதற்காக. பார்க்கிறவன் கண்ணுக்கு ஒரு நொடி உறுத்தக்கூடாது என்பதற்காக ஒரு தாயின் நெஞ்சில் போய் நெருப்பை வைத்திருக்கிறாய். நான் ஆயிரம் முறை மலையேறிப் போய்ச் சொன்னாலும் இனி அது அணையாது, ஏனென்றால் என் வாயைவிட உன் படத்தைத்தான் அவள் நம்புகிறாள். உன்னை நம்பித்தான் நம்புகிறாள். சிஸ்டர் பையன் எடுத்தது பொய்யாக இருக்குமா என்று என்னிடமே கேட்டாள்.

பூட்டியவன் நீதானே, திற. என் தலையை அங்கிருந்து எடு. அந்த ஆள் இருமட்டும், படம் குதிக்கட்டும், சரவணம்பட்டிப் பிள்ளைகள் சிரிக்கட்டும். இருமி முடித்ததும் என்னை உட்கார வைத்து நீ கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைக் கேள், நான் பதில் சொல்கிறேன், அதை அங்கே போடு. ஃபேனை நிறுத்து, ஃபிரிட்ஜை நிறுத்து, எதை வேண்டுமானாலும் நிறுத்து. ஆனால் சரி செய்ததை முதலில் என்னிடம் கொண்டு வந்து காட்டாதே, கல்லூரியிலும் காட்டாதே. வால்பாறைக்குப் போ. நீ தனியாகப் போ. மாராத்தாள் வீட்டுத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து முழுப் படத்தையும் பார். முடிந்ததும் எழுந்து ஓடிவராதே. அவள் என்ன கேட்டாலும் பதில் சொல். அவள் அழுதால் இருந்து பார். கேமரா எடுத்துக்கொண்டு போகாதே.

முகூர்த்தக்கால் நட நாள் குறித்திருக்கிறது, என்ன செய்வது என்று உன் அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறார். குழி தோண்ட ஆள் வந்தான், திருப்பி அனுப்பிவிட்டேன். “புள்ளய நேரத்துக்குத்தானுங்க கொண்டாந்தேன்” என்று மாராத்தாள் தன் வாயால் எனக்குப் போனில் சொல்லும் வரை இந்த வீட்டு வாசலில் ஒரு காலும் நட விடமாட்டேன். அவள் சொல்லவில்லை என்றால், உன் கல்யாணத்தை உன் தொழில்படியே நடத்திக்கொள்: பெற்றவள் நின்று வாழ்த்துகிற மாதிரி என் பழைய படம் ஏதாவது உன்னிடம் இருக்கும், எடுத்து ஒட்டிக்கொள்.

அம்மா